சரக்கு விமானத்திலிருந்து குண்டு தள்ளினேன் என்கிறார் பாட்டா: நம்பலாமா?

கேட்டிருக்கும் தம்பி நம் குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம். அம்மையைப் பெற்ற பாட்டா விமானப்படையில் இருந்தவர். கொல்லம் ஆண்டு 1120இல் பிறந்தவர் என்றால் நம் கணக்குக்கு 1944 அல்லது 45. இத்தனை வருஷம் வாய் திறக்காதவர், 2024 அக்டோபரில் ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாராம். அன்று முதல் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாராம். 1971 சண்டையில் ராத்திரி சரக்கு விமானத்தின் பின்கதவைத் திறந்து குண்டுகளைத் தள்ளினோம், ஆக்ராவில் தாஜ்மகாலைத் துணி போட்டு மூடினார்கள், கராச்சி எரிந்ததைக் கண்ணால் கண்டேன். இந்த மூன்றும் பாட்டா சொன்னவை. பேரனுக்குச் சந்தேகம். குண்டுவிமானம் என்றால் வயிற்றுக் கதவு திறந்து குண்டு விழ வேண்டாமா, அரிசி மூட்டை ஏற்றுகிற விமானத்தில் ஏது குண்டு, வயசான காலத்தில் கதை விடுகிறாரோ என்று கேட்கிறார்.

நான் அதே படையில் ஆயுதப் பிரிவில் 20 வருஷம் இருந்தவன். ஆர்மமென்ட் டிரேடு என்போம். 1971இல் ஆக்ராவில் கான்பரா என்ற குண்டுவிமானங்களுக்குக் குண்டு ஏற்றுகிற வேலை. பாட்டா சொன்ன மூன்றில் முதல் இரண்டு அப்பட்டமான உண்மை. மூன்றாவதில்தான் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். வேடிக்கை என்னவென்றால், தம்பி நம்ப மறுப்பது முதல் இரண்டை; கராச்சியைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டார். பழைய ஆட்கள் பேசும்போது நான் இதற்கு நேர்மாறாகத்தான் காது கொடுப்பேன். கேட்க விசித்திரமாக இருப்பதை யாரும் உட்கார்ந்து இட்டுக்கட்டுவதில்லை.

முதலில் அந்தச் சரக்கு விமானம். அன்டோனோவ்-12. ஏஎன்-12 என்று சொன்னால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். சோவியத் நாட்டில் செய்தது, 1961 முதல் நம் படையில் இருந்தது. நான்கு டர்போபிராப் எஞ்சின். சுமார் 20 டன் தூக்கும். 1962இல் சீனாவோடு சண்டை வந்தபோது ஏஎம்எக்ஸ்-13 டாங்குகளை வயிற்றில் வைத்து லடாக்கிலுள்ள சுஷுலுக்குக் கொண்டுபோய் இறக்கியது இதுதான். மூக்கில் கண்ணாடிக் கூண்டு, அதில் வழி பார்த்துச் சொல்கிற நேவிகேட்டர். வாலில் 23 மி.மீ. இரட்டை பீரங்கி, அதற்கென்று ஒரு கன்னர். சரக்கு விமானத்துக்கு எதற்குக் கண்ணாடி மூக்கும் வால் பீரங்கியும் என்று யோசித்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். ரஷ்யர்கள் அதைப் படைக்கென்றே வடிவமைத்தார்கள்.

1971 டிசம்பரில் நம்மிடம் அசல் குண்டுவிமானம் என்று இருந்தது கான்பரா ஒன்றுதான். அந்தச் சில ஸ்குவாட்ரன்களுக்கு, அதாவது விமானப் பிரிவுகளுக்கு, எதிரியின் விமானதளங்களைக் கவனிக்கவே ராத்திரி போதவில்லை. லாகூருக்குத் தென்மேற்கே சங்கா மங்கா என்று ஒரு காடு உண்டு. தானாக வளர்ந்ததில்லை, ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று வெள்ளைக்காரன் நட்டு வளர்த்தது. பாகிஸ்தான் ராணுவம் வெடிமருந்துக் கிடங்குகளை அதற்குள் ஒளித்து வைத்திருந்தது. மரத்துக்கு அடியில் இருப்பதைக் குறிபார்த்து அடிக்க வழியில்லை. பரப்பு முழுக்கக் கொட்டினால்தான் உண்டு. கொட்டுவதற்குத் துல்லியத்தைவிடப் பாரம் முக்கியம். பாரம் தூக்க ஏஎன்-12ஐ விட்டால் யார் இருக்கிறார்?

44ஆம் ஸ்குவாட்ரன் அந்த வேலையைச் செய்தது. தலைமை, விங் கமாண்டர் வித்யா பூஷண் வசிஷ்ட். சண்டை தொடங்கிய டிசம்பர் 3ஆம் தேதி ராத்திரியே போனார்கள். தரையிலிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, கட்டட அளவுக்குப் பெரிய விமானத்தை, வேகமும் கிடையாது, எதிரி மண்ணுக்கு மேலே நிதானமாக ஓட்டிப் போவது என்றால் நெஞ்சில் கொஞ்சம் உரம் வேண்டும். வசிஷ்டுக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள், போர்க்கள வீரத்துக்கு இரண்டாவது பெரிய விருது. பிறகு மலைப்பக்கம் ஸ்கர்து விமானதளத்தையும் இதே ஏஎன்-12கள் அடித்தன.

எப்படி என்றுதானே கேள்வி? உருளைகள் வைத்த தளத்தில் பலகைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் குண்டுகளைக் கட்டிவிடுவார்கள். பாராசூட்டில் அரிசியும் ஆயுதமும் இறக்குகிற அதே ஏற்பாடுதான். மூக்குக் கூண்டில் இருக்கும் நேவிகேட்டர் குறி பார்ப்பார். அவர் சொன்ன கணத்தில் பின்கதவு வழியாகச் சரக்கு உருண்டு இருட்டுக்குள் போகும். உருண்டு போகாவிட்டால் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு மனுசன் வேண்டும். உங்கள் பாட்டா அந்த மனுசனாக இருந்திருக்கிறார்.

இதில் குளிரைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா? ஏஎன்-12இன் சரக்கு அறைக்குள் காற்றழுத்தம் கிடையாது. விமானி அறையும் வால் கன்னரின் கூண்டும்தான் அடைத்துப் பூட்டியவை. மற்ற இடம் முழுக்க வெளிக்காற்றேதான். மலைக்கு மேலே போனால் ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும், டிசம்பர் மாதம், கதவு வேறு திறந்து கிடக்கிறது. குமரிக்காரனுக்குக் குளிர் என்றாலே கார்த்திகை மார்கழி விடியலில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வதுதான். அந்தக் குளிரை அனுபவித்தவர் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள், நடித்துக் காட்ட முடியாது.

சரக்கு விமானத்தைக் குண்டுக்குத் திருப்பியது அதுதான் முதல் தடவை என்றும் எண்ண வேண்டாம். 1947-48 காஷ்மீர் சண்டையிலேயே டகோட்டாக்களிலிருந்து குண்டு போட்டிருக்கிறார்கள். 1971இலேயே கிழக்குப் பக்கம், இரண்டு எஞ்சின் கரிபு சரக்கு விமானங்கள் ராத்திரி ராத்திரியாக டாக்கா மேல் போய்க் குண்டு போட்டன. பகலில் உடைத்த ஓடுதளத்தை ராத்திரி உட்கார்ந்து அடைக்க விடக்கூடாது, தூங்கவும் விடக்கூடாது என்பது கணக்கு.

இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுவது நம் படையின் பழைய குணம். சுதந்திரம் வாங்கின கையோடு நமக்குக் குண்டுவிமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? உலகப்போர் முடிந்து வெள்ளைக்காரன் போகும்போது அமெரிக்க லிபரேட்டர் விமானங்களைக் கான்பூரில் குவித்து, யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாதென்று அடித்து நொறுக்கிப் போட்டுவிட்டுப் போனான். 1948இல் பெங்களூர் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை ஆட்கள் அந்தக் குப்பையில் இறங்கி, ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் வால் என்று பொறுக்கிக் கோத்து, பறக்க வைத்தார்கள். அந்த லிபரேட்டர்கள் 1968 வரை நம்மிடம் ஓடின. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் பளபளவென்று நிற்கிற லிபரேட்டர்களில் சில நம் நாட்டிலிருந்து போனவை. பழைய இரும்புக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, ஆக்ராவுக்கு வருகிறேன்.

1971 டிசம்பர் 3 வெள்ளிக்கிழமை. தேதியை எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாள். எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் நம் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அன்றைக்கு நாகர்கோவில் தெருவில் எத்தனை கூட்டம் என்று தெரியும். எங்கள் பிளைட்டில், அதாவது எங்கள் சின்னப் பிரிவில், குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் காலையிலிருந்தே, இந்நேரம் தேர் எங்கே வந்திருக்கும், இந்நேரம் கடையில் என்ன விற்கும் என்று பேசிக்கொண்டிருந்தான். முந்தின நாள் கார்த்திகைப் பௌர்ணமி. ஊரில் விளக்கு வைத்துச் சொக்கப்பனை கொளுத்துகிற வாரம். இங்கே விளக்கணைப்பு, பீடி பற்றவைத்தாலும் திட்டு விழும்.

அந்தி மயங்கும்போது மேற்கே நம் விமானதளங்கள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன என்று செய்தி. கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேலேயே சைரன். பதுங்கு குழியில் விழுந்தோம். வந்தது பி-57. அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் பி-57 என்பது வேறொன்றுமில்லை, நாங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டிருந்த அதே கான்பராதான். இங்கிலாந்துக்காரனிடம் உரிமம் வாங்கி அமெரிக்காவில் செய்தது, எஞ்சின் மட்டும் வேறு. இரண்டு பக்கமும் ஒரே சாதி விமானம். நிலா வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தால் நம் பிள்ளை திரும்பி வருகிற மாதிரியே இருக்கும்.

தாஜ்மகால் மூடப்பட்டது சத்தியம். பௌர்ணமி நிலவில் அந்த வெள்ளைச் சலவைக்கல் பல மைலுக்கு அடையாளம் காட்டும், அதைப் பிடித்துக்கொண்டு வந்தால் விமானதளத்துக்கு வழி தெரிந்துவிடும். அதனால் சாக்குத்துணியும் இலைதழையும் போட்டு மறைத்தார்கள். பாட்டா ஆக்ராவில் இருந்தாரா, இல்லை அந்த வழியாகப் போனாரா என்று கேளுங்கள்.

அன்றிரவே நம் கான்பராக்களும் கிளம்பின. கான்பரா ஸ்டார்ட் ஆகிறதைக் கேட்டவன் மறக்கமாட்டான். எஞ்சினை முதலில் சுழற்றிவிட ஒரு பெரிய தோட்டா இருக்கும், கார்ட்ரிட்ஜ் ஸ்டார்ட்டர். சுவிட்சைப் போட்டால் படாரென்று வெடித்துக் கரும்புகை குபுக்கென்று வரும். முதலில் பார்க்கிறவன் விமானம் தீப்பிடித்துவிட்டது என்று ஓடுவான். அந்த வெடிமருந்து வாடை சட்டையில் ஏறினால் சோப்புக்குப் போகாது. இன்றைக்கும் கோயில் கொடையில் கதினா வெடி போட்டால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். நான் மூக்கால் அதைத் தேடுவேன்.

எங்கள் வேலையைச் சொல்கிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. ஆயிரம் பவுண்டு குண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிலோ. டிராலியில் வரும். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் கொண்டு நிறுத்தி, கையால் சுற்றுகிற வின்ச்சைக் கொண்டு அங்குலம் அங்குலமாகத் தூக்க வேண்டும். கான்பராவின் வயிறு தரைக்குக் கிட்டத்தில் இருக்கும். குனிந்த குனிவில் வேலை. இருட்டு, கையில் நீலத்தாள் ஒட்டின டார்ச். வயிற்றில் பீரங்கிப் பெட்டி மாட்டாவிட்டால் ஆறு குண்டு போகும். மாட்டினால் மூன்று. தூக்கி, கொக்கியில் பூட்டி, ஆடாமல் இறுக்கி, பிறகு குண்டை வெடிக்க வைக்கிற ஃப்யூஸ்.

குண்டு விழுந்தவுடன் வெடிக்கும் என்று நினைப்பார்கள். சும்மா விழுந்தால் வெடிக்காது. குண்டின் முனையில் ஒரு சின்னக் காற்றாடி இருக்கும், அதை ஒரு கம்பி சுற்ற விடாமல் பிடித்திருக்கும். கம்பியின் மறுமுனை விமானத்தில். குண்டு கழன்று விழும்போது கம்பி விமானத்தோடு நின்றுவிடும், காற்றாடி காற்றில் சுழன்று சுழன்று ஃப்யூஸை உயிர்ப்பிக்கும். அதற்குள் விமானம் தள்ளிப் போயிருக்கும். தரையில் இருக்கும்வரை இதெல்லாம் அசையாமல் இருக்க ஒரு பாதுகாப்பு ஊசி, அதில் சிவப்புத் துணி தொங்கும். பைலட் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் உள்ளே போய் ஊசிகளை உருவி, எண்ணி, பைலட்டுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் எண்ணித் தலையாட்டுவார். விமானம் போய்விடும். ஊசிகள் நம் கையில்.

அதற்கப்புறம் வேலை கிடையாது. உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தகர டம்ளரில் சாயா, சட்டைப்பையில் ஊசிகள். மூன்று மணிநேரம், சில நாள் அதற்கும் மேல். யாரும் வாய்விட்டு எண்ணமாட்டார்கள், ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டதும் எல்லார் உதடும் அசையும். ஒன்று, ரெண்டு, மூணு.

ஊசி பையில் இருப்பதன் அர்த்தம் இறங்கின பிறகுதான் தெரியும். சில சமயம் குண்டு கழலாமல் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டு திரும்பி வரும். ஹேங்-அப் என்போம். கம்பி பிடித்திருக்கிறதா, காற்றாடி சுற்றிவிட்டதா என்று பைலட்டுக்குத் தெரியாது. யாராவது ஒருவன் அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்து, அதே ஊசியை அதே ஓட்டையில் திரும்பக் குத்த வேண்டும். நான் அப்படி இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை எனக்குப் பயமே இல்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். முதல் தடவை தெரியாமல் போனவன், ரெண்டாம் தடவை எப்படிப் பயமில்லாமல் போவான்?

விமானம் திரும்பாமல் போனால் அந்த ஊசிகளை என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. 1971இல் நம் படை கான்பராக்களையும் இழந்தது. அதற்கு மேல் இதில் எழுத எனக்கு மனமில்லை.

பறந்தவர்களைப் பற்றிச் சொன்னால் நேவிகேட்டரைத்தான் முதலில் சொல்வேன். நம்மிடம் இருந்த குண்டுவீச்சுக் கான்பராவில் இரண்டே பேர். பைலட் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார், அவருக்கு இஜெக்‌ஷன் சீட் உண்டு. இழுத்தால் ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியும். நேவிகேட்டர் அவருக்குக் கீழே இருட்டுப் பொந்தில். அவருக்கு அந்த ஆசனம் கிடையாது. விமானம் அடிபட்டால் பாராசூட்டை மாட்டிக்கொண்டு பக்கக் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். குண்டு போடும் நேரத்தில் மூக்குக்குள் ஊர்ந்து போய் வயிற்றைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக் குறி பார்ப்பார். எதிரி சுடுவது முழுக்க அவர் முகத்துக்கு நேரே தெரியும். இது தெரிந்தேதான் ஒவ்வொரு ராத்திரியும் ஏறினார்கள். விருதுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பைலட்கள்தான் அதிகம். எனக்கு இதில் பழைய வருத்தம் உண்டு.

கான்பராவின் மற்ற கதைகள் புத்தகங்களில் கிடைக்கும், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1957இல் வந்தது. 1961இல் ஐ.நா. படையோடு காங்கோ போனது, அதே வருஷக் கடைசியில் கோவாவில் டபோலிம் ஓடுதளத்தை உடைத்தது. 1965இல் விங் கமாண்டர் பிரேம்பால் சிங் தலைமையில் ராத்திரி பெஷாவர் வரை போய்வந்தது, அவருக்கு மகாவீர் சக்கரம். 1999 கார்கில் சண்டையில் படம் எடுக்கப் போன கான்பரா ஒன்று எஞ்சினில் ஏவுகணை வாங்கிக்கொண்டும் ஊர் திரும்பியது. 2007 மே மாதம் ஆக்ராவில் கடைசியாக இறங்கியது. ஐம்பது வருஷம் உழைத்த விமானம்.

இனி கராச்சி. டிசம்பர் 4 காலையில் ஜாம்நகரிலிருந்து போன ஹண்டர் விமானங்கள் கியமாரி எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தின. அன்றிரவு கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சிக் கடலில் கப்பல்களை மூழ்கடித்தன; அதனால்தான் டிசம்பர் 4 கடற்படை நாள். சில நாள் கழித்துத் திரும்பவும் போய் எண்ணெய்த் தொட்டிகளை அடித்தார்கள். கான்பராக்களும் அந்தப் பக்கம் போயின. தீ நாள்கணக்கில் எரிந்தது, வெகுதூரத்திலிருந்தே தெரிந்தது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் ஏஎன்-12களின் வேலை பஞ்சாபிலும் மலைப்பகுதியிலும்தான். உங்கள் பாட்டா கராச்சித் தீயைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு.

அதற்காகப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். மெஸ்ஸில் சப்பாத்தி தின்றுகொண்டு நாங்கள் எல்லாரும் அந்தத் தீயைப் பார்த்தோம். போய்வந்தவன் சொல்லச் சொல்ல, கேட்டவன் கண்ணில் எரிந்தது. நானே பல வருஷம் கராச்சி எரிந்ததை நேரில் கண்டவன் மாதிரி ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகனின் சிநேகிதர்கள் முன்னால் அப்படியே ஆரம்பித்தபோது என் வீட்டுக்காரி உள்ளிருந்து, "நீங்க ஆக்ராவுலதான நின்னீங்க?" என்று கேட்டாள். அதன் பிறகு நிறுத்திவிட்டேன். ஐம்பது வருஷம் ஆனால் கேட்டதும் கண்டதும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடும். கடைக்காரர், பஸ் கண்டக்டர், பேரப்பிள்ளை எல்லாருக்கும் கராச்சிதான் பிடிக்கும். பலகையை உருட்டியதையும் கை மரத்துப் போனதையும் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கேட்கிறவனுக்காகச் சொல்கிறவனும் கொஞ்சம் மாறிவிடுகிறான்.

சரிபார்க்க வேண்டுமானால் வழி இருக்கிறது. ஏஎன்-12இல் பைலட், நேவிகேட்டர் தவிர ஃப்ளைட் என்ஜினியர், ஃப்ளைட் சிக்னலர், ஃப்ளைட் கன்னர் என்று ஏர்மேன்களும், அதாவது அதிகாரி அல்லாதவர்களும், பறந்தார்கள். உங்கள் பாட்டா அவர்களில் ஒருவராக இருந்தால் சட்டையில் ஒற்றைச் சிறகுச் சின்னம் குத்தியிருப்பார். பழைய போட்டோவில் இடப்பக்க மார்பைப் பாருங்கள். பறந்தவர்களிடம் லாக் புக் ஒன்று இருக்கும். தேதி, விமான எண், எத்தனை மணிநேரம், பகலா ராத்திரியா, எல்லாம் அதில் உண்டு. டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுவேட்டிக்குக் கீழே தேடுங்கள். பதக்கங்களில் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்குப் போர்முனையில் இருந்தவர், பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு. சங்க்ராம் மெடல் மட்டும் இருந்தால் அந்தச் சமயத்தில் பணியில் இருந்தார் என்று அர்த்தம், அது ஏறக்குறைய எல்லாருக்கும் கிடைத்தது. வீட்டுக்கு எழுதின பழைய இன்லண்ட் லெட்டர் இருந்தால் முகவரியில் ஊர் பெயர் இருக்காது, 56 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண்தான் இருக்கும்.

அந்த லெட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது, அது 1979இல்தான் வந்தது. லீவு முடிந்து போவது என்றால் பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து மீட்டர்கேஜில் எழும்பூர், பிறகு சென்ட்ரலிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ். அம்மை முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலும் கட்டித் தருவாள். முந்திரிக்கொத்து ஆக்ரா போய்ச் சேர்வதற்குள் கல்லாகிவிடும். பீரங்கியில் போட்டுச் சுடலாம் என்று பஞ்சாபிப் பையன்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே பாதியைத் தின்றுவிடுவார்கள். மலையாளிப் பையன்கள் எங்களைத் தமிழன் என்பார்கள், தமிழ்ப் பையன்கள் நம் பேச்சைக் கேட்டு மலையாளி என்பார்கள், வடக்கே எல்லாருமே மதராசி. நாங்கள் பிறந்தபோது திருவிதாங்கூர், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சென்னை மாகாணம். யாரிடம் போய் விளக்குவது?

அம்மைக்கு ஒரே கவலை நான் பறக்கிறேனா என்பது. "நீ மேல போவியா மக்கா?" என்பாள். இல்லம்மா, தரையிலதான் நிக்கேன் என்பேன். "மேல போறவனுக்கும் அம்மை உண்டும்லா" என்றாள் ஒரு தடவை. பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக, 2024 அக்டோபர். பேப்பரில் என்ன வந்தது என்று தம்பி எழுதவில்லை, பார்க்கவுமில்லை போலிருக்கிறது. நான் ஊகிக்கிறேன். 1968 பிப்ரவரி 7ஆம் தேதி, சண்டிகரிலிருந்து லே போன ஏஎன்-12 ஒன்று வானிலை சரியில்லாமல் திரும்பும் வழியில் ரோதாங் கணவாய்ப் பக்கம் காணாமல் போனது. உள்ளே 102 பேர். பனிக்குள் எங்கே விழுந்ததென்று 2003 வரை தெரியவில்லை. மலையேறப் போனவர்கள்தான் உடைந்த பாகங்களைக் கண்டார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் நான்கு உடல்களைப் பனியிலிருந்து எடுத்தார்கள், 56 வருஷம் கழித்து. அதில் ஒருவர் நமக்குப் பக்கத்தில்தான், பத்தனம்திட்டை மாவட்டத்துக்காரர். ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். உங்கள் பாட்டா மடித்து வைத்த பேப்பர் அதுவாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த விமானத்தில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தாரோ இல்லையோ, அதே மாதிரி விமானத்தின் அதே சரக்கு அறையில் வருஷக்கணக்காக நின்றவருக்கு அந்தச் செய்தி வேறு மாதிரிதான் படும்.

ஆகையால் நம்பலாமா வேண்டாமா என்று அவரிடம் விசாரணை வைக்காதீர்கள். எத்தனை குண்டு, எத்தனை பேர் செத்தார்கள் என்றும் கேட்க வேண்டாம். மேலிருந்து போட்டவனுக்கு அது தெரியாது, தெரியாததுதான் அவனுக்கு உறுத்தல். சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துவிட்டு, கதவு திறந்ததும் என்ன சத்தம் கேட்டது, கையுறை போட்டிருந்தீர்களா, இறங்கின பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். குண்டுப் பலகையை ஒருவன் தனியாகத் தள்ள முடியாது. மறுபக்கத்தில் இன்னொருவர் நின்றிருப்பார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்டுப் பெயரை எழுதி வையுங்கள். ஆள் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். எங்கள் பழைய ஆட்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன்.